விசா வேலையாகச் சென்னை வருகிறவர்கள் அறை பார்ப்பது எப்படி?

மாதம் ஒரு போனாவது ஊரிலிருந்து வந்துவிடும். "அண்ணே, பையனுக்கு இன்டர்வியூ தேதி கிடைச்சிருச்சு. எம்பசி பக்கத்துல விலை கம்மியா, நல்ல ரூமா ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க." கோவில்பட்டிக்கும் மதுரைக்கும் இடையில் நிறையச் சொந்தக்காரர்கள் இருக்கிற, சென்னையில் பதினெட்டு வருடமாகக் குப்பை கொட்டுகிற ஒருவன் இதிலிருந்து தப்ப முடியாது. அதில் முதல் ஏழு வருடம் திருவல்லிக்கேணி மேன்ஷன் வாசம். அதனால் 'இவனுக்கு எல்லா லாட்ஜும் தெரியும்' என்று ஒரு பெயர். எல்லாம் தெரியாது. ஆனால் எதையெல்லாம் கேட்காமல் பணம் கட்டக்கூடாது என்பது தெரியும். அதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் போனில் அரை மணி நேரம் மிச்சம்.

முதலில் விசா தேதிக் கடிதத்தைப் பாருங்கள், வாடகையை அப்புறம் பார்க்கலாம்

போன் செய்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பட்ஜெட்டை அல்ல. "முதல் நாள் எங்கே வரச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டாம் நாள் எங்கே?" என்றுதான் கேட்பேன். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது.

அமெரிக்க விசாவுக்குப் பொதுவாக இரண்டு வேலைகள். கைரேகையும் புகைப்படமும் எடுப்பது விசா விண்ணப்ப மையத்தில். நேர்காணல் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகத்தில். இரண்டும் வேறு வேறு கட்டடம், பெரும்பாலும் வேறு வேறு நாள். முதல் நாளே நேராகத் தூதரக வாசலில் போய் நின்று, "இங்கே இல்லை சார்" என்று காவலர் திருப்பி அனுப்பி, அலறியடித்து ஆட்டோ பிடித்தவர்களை நான் அறிவேன். ஐரோப்பிய நாடுகள், பிரிட்டன், கனடா என்றால் தூதரக வாசலுக்கே போக வேண்டியதில்லை, தூதரகங்களுக்காக விண்ணப்பம் வாங்குகிற விஎஃப்எஸ் மாதிரி மையத்தோடு வேலை முடியும். பெரும்பாலும் அரை நாள் காரியம். அதற்கு ஊரிலிருந்து ராத்திரி ரயிலில் வந்து ராத்திரி ரயிலில் திரும்பலாம். குளித்து உடை மாற்ற மட்டும் ஓர் இடம் போதும்.

மையங்கள் அவ்வப்போது இடம் மாறும். போன வருடம் மாமா போன முகவரியை நம்பி அறை போடாதீர்கள். உங்கள் கடிதத்தில் அச்சாகியிருக்கும் முகவரிதான் கணக்கு.

இன்னொரு விஷயம், 'அண்ணா சாலை' என்ற பெயரை நம்பி ஏமாறாதீர்கள். தூதரகம் அண்ணா சாலையில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் மவுண்ட் ரோடு என்று பழைய பெயர் கொண்ட அந்தச் சாலை கூவத்தில் தொடங்கிக் கிண்டி வரை போகிறது. என் அக்கா குடும்பம் முதல் தடவை வந்தபோது, அண்ணா சாலை என்று போட்டிருந்த ஓர் ஓட்டலை ஆன்லைனில் பிடித்துவிட்டார்கள். வந்து பார்த்தால் அது சைதாப்பேட்டை தாண்டி. காலை எட்டு மணி நேர்காணலுக்கு, மெட்ரோ வேலைக்காக அடைத்து வைத்திருந்த சாலையில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து அத்தான் சொன்ன மந்திரங்களை இங்கே எழுத முடியாது.

எந்தப் பக்கம் தங்கலாம்

தூதரகம் என்றால் என் முதல் தேர்வு ஆயிரம் விளக்கு, கிரீம்ஸ் ரோடு பக்கம். கிரீம்ஸ் ரோட்டில் அப்பல்லோ மருத்துவமனை 1983-இல் வந்தது. அதைச் சுற்றி நோயாளிகளுக்கும் கூட வருகிறவர்களுக்குமாக லாட்ஜுகளும், சமையலறையோடு கூடிய சிறு வீடுகளும் முளைத்துவிட்டன. சந்துக்குள் நுழைந்தால் பெயர்ப்பலகையில் வங்காள எழுத்து, கடையில் கடுகெண்ணெய், மீன் குழம்பு வாசம். மேற்கு வங்கம், வங்கதேசம், வடகிழக்கு என்று வருகிற கூட்டம் அது. நமக்கு இதில் மூன்று லாபம். ஒன்று, தூதரகத்துக்கு நடந்தே போகலாம். இரண்டு, மாதக்கணக்கில் தங்குகிற குடும்பங்களைப் பார்த்துப் பழகிய இடம் என்பதால் பெண்களும் வயதானவர்களும் சங்கடமில்லாமல் இருக்கலாம். மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன், அது வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு.

ராயப்பேட்டையும் அதே தூரம்தான், கொஞ்சம் இரைச்சல் அதிகம். நுங்கம்பாக்கம் நல்ல இடம், ஆனால் பர்ஸ் பாரமாக இருக்க வேண்டும்.

திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இன்னும் இருக்கின்றன. நாள் வாடகைக்கும் தருகிறார்கள். ஊரிலேயே மலிவான தனி அறை அதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் யாருக்கு? தனியாக வரும் ஆணுக்கு மட்டும். நீளமான நடைபாதை, இரு பக்கமும் கதவுகள், கதவுக்குக் கதவு கொடியில் லுங்கி. குளியலறை பொது. காலை ஆறரைக்கு வாளியும் கையுமாக வரிசை நிற்கும், ஏழு மணிக்குத் தொட்டியில் தண்ணீர் அடி தட்டும். நேர்காணல் நாளன்று அந்த வரிசையில் நிற்க உங்களுக்குத் தைரியம் இருந்தால் சரி. என்னைக் கேட்டால், முந்தைய நாள் ராத்திரியே குளித்துவிடுங்கள், காலையில் ரத்னா கபேயில் சாம்பார் மிதக்க இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோ ஏறுங்கள். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் ஆட்டம் இருக்கும் நாளில் மட்டும் இந்தப் பக்கமே வராதீர்கள். அறையும் கிடைக்காது, ஆட்டோவும் கிடைக்காது.

எழும்பூர், தென் மாவட்டத்துக்காரர்களின் பழைய கோட்டை. கென்னட் லேனிலும் ரயில் நிலைய எதிர்ப்புறத்திலும் வரிசையாக லாட்ஜுகள். நல்லதும் உண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டியதும் உண்டு. இங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஒரு நிலையம் போய்ச் சென்ட்ரலில் இறங்கி, விமான நிலையத் தடத்துக்கு மாறினால் ஆயிரம் விளக்கு மூன்றாவது நிறுத்தம். அங்கேயோ அடுத்த நிறுத்தமான ஏஜி-டிஎம்எஸ்ஸிலோ இறங்கி நடக்கலாம், இரண்டுக்கும் நடுவில்தான் ஜெமினி. எழும்பூர் நிலையத்தில் சீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்துகிறார்கள். லாட்ஜ் போடும் முன் உங்கள் ரயில் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தி.நகர் லாட்ஜுகளைப் பற்றி ஒரே வரி: முகூர்த்த நாள் காலண்டரைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் கல்யாணக் கோஷ்டி மொத்த மாடியையும் எடுத்திருக்கும். ஆடியில் அதே அறையைப் பேரம் பேசி வாங்கலாம்.

பேருந்தில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2023 டிசம்பர் கடைசியிலிருந்து தென் மாவட்டப் பேருந்துகளுக்குக் கிளாம்பாக்கம்தான் நிலையம். "பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே ரூம் போட்டுட்டேன்" என்று பெருமையாகச் சொன்ன ஒரு தம்பி, அங்கிருந்து ஜெமினிக்கு முப்பது கிலோமீட்டர் போல வரும் என்பதை மறுநாள் விடியற்காலை தெரிந்துகொண்டார்.

கடிகாரக் கணக்கு

வாடகையை விட அதிகம் பணம் போவது இதில்தான், ஆனால் யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டு லாட்ஜுகளில் பழைய வழக்கம் 24 மணி நேரக் கணக்கு. நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்து மறுநாள் அதே நேரம் வரை ஒரு நாள். ஆன்லைனில் பிடிக்கிற ஓட்டல்கள் பெரும்பாலும் பகல் 12 மணிக் கணக்கு. ராத்திரி ரயிலில் வருகிற நமக்கு இந்த வித்தியாசம் பெரிது.

செவ்வாய் விடிகாலை ஐந்தரைக்கு எழும்பூரில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று மதியம் கைரேகை, புதன் காலை நேர்காணல், புதன் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் ரயில். பன்னிரண்டு மணிக் கணக்கு ஓட்டலில், ஐந்தரைக்கே அறை வேண்டுமானால் திங்கள் பகலிலிருந்து ஒரு நாள், செவ்வாய் பகலிலிருந்து ஒரு நாள், ஆக இரண்டு நாள் வாடகை. அதோடு புதன் பகல் பன்னிரண்டுக்குப் பெட்டியோடு தெருவுக்கு வந்துவிட வேண்டும். நேர்காணலிலிருந்து நீங்கள் திரும்பி வந்திருக்கவே மாட்டீர்கள். 24 மணி நேர லாட்ஜிலும் இரண்டு நாள் வாடகைதான், ஆனால் வியாழன் விடியற்காலை வரை அறை உங்களுடையது. வெயிலில் வந்து ஃபேனைப் போட்டுப் படுத்துவிட்டு நிதானமாக ரயில் ஏறலாம்.

ஆகவே போனில் முதல் கேள்வி, "24 மணி நேர செக்-அவுட்டா, 12 மணியா?" அடுத்த கேள்வி, "அரை மணி லேட்டானா இன்னொரு நாள் போடுவீங்களா?" சில இடத்தில் ஒரு மணி நேரம் விடுவார்கள், சில இடத்தில் ஐந்து நிமிடம் தாண்டினாலும் பில் ஏறும்.

அறையே வேண்டாம், குளித்தால் போதும் என்கிறவர்களுக்கு எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ரயில்வேயின் ஓய்வறைகள் உண்டு. உறுதியான டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசியில் பதிவு செய்யலாம். எண்ணிக்கை குறைவு, டிக்கெட் எடுத்த அன்றே பார்த்துவிடுங்கள்.

போனில் பேசுவது, பணம் கட்டுவது

செயலியில் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் லாட்ஜுக்கே ஒரு தடவை போன் போடுங்கள். குரலிலேயே பாதி தெரிந்துவிடும். "விசா இன்டர்வியூவுக்கு வர்றோம், மூணு பேர்" என்று சொன்னதும் "எத்தனை மணிக்கு சார் இன்டர்வியூ?" என்று கேட்கிற ஆள் பத்துப் பேரை அனுப்பிவைத்த ஆள். அங்கே தைரியமாகப் போகலாம்.

ஆனால் அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பது முக்கியம். தேடலில் முதலில் வரும் எண் எல்லாம் லாட்ஜுடையது அல்ல. ஓட்டல் பெயரில் போலி எண்ணையும் போலிப் பக்கத்தையும் வைத்து அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு காணாமல் போவது இப்போது ஒரு தொழில். முழு வாடகையையும் இப்போதே அனுப்பச் சொன்னால், தனிநபர் பெயரில் யுபிஐ கணக்கு வந்தால், 'ரீஃபண்டுக்கு இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க' என்றால், போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு யாரும் க்யூஆரை ஸ்கேன் செய்யவோ ரகசிய எண் போடவோ தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

ஆன்லைனில் போட்டால், வந்து பணம் கட்டும் வசதியும் இலவச ரத்தும் உள்ள அறையாகப் பாருங்கள், நூறு இருநூறு கூடப் போனாலும் பரவாயில்லை. விசா தேதி நம் கையில் இல்லை. தூதரகத்துக்கு நம் ஊர் விடுமுறையும் உண்டு, அமெரிக்க விடுமுறையும் உண்டு. தேதி தள்ளிப்போனால் திரும்பக் கிடைக்காத அட்வான்ஸ் போனது போனதுதான்.

வரி பற்றி: 2025 செப்டம்பர் 22-லிருந்து, நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். முன்பு 12 சதவீதமாக இருந்தது. பில்லில் பழைய கணக்கு இருந்தால் கேளுங்கள். கேட்டால் "சிஸ்டத்துல இன்னும் மாத்தல சார்" என்பார்கள். மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம் லோக்கல் ஐடி விவகாரம். சென்னை முகவரி உள்ள ஆதாரைக் காட்டினால் அறை தராத லாட்ஜுகள் நிறைய. ஊருக்குள்ளேயே வீடு இருக்கிறவன் ஏன் லாட்ஜுக்கு வருகிறான் என்பது அவர்கள் சந்தேகம். அமெரிக்காவில் வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் பலருக்கு, படித்த காலத்தில் எடுத்த வேளச்சேரி முகவரிதான் இன்னும் ஆதாரில் இருக்கிறது. மெக்சிகோ, கனடா என்று போய் ஸ்டாம்பிங், அதாவது பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா பதிக்கிற வேலையை, முடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு 2025 செப்டம்பரில் அந்த வழி அடைபட்டுவிட்டது. சொந்த நாட்டில் அல்லது வசிக்கிற நாட்டில்தான் நேர்காணல் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இந்தப் பிள்ளைகள் இப்போது அதிகம் வருகிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ரிசப்ஷனில் நின்று வாதாடாமல், "ஆதார் சென்னை அட்ரஸ், பரவாயில்லையா?" என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆதார் நகல் கொடுக்கும்போது, கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரைக் கொடுக்கலாம், ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஓட்டுநர் உரிமம் இருந்தால் இன்னும் நல்லது. பாஸ்போர்ட்டை ரிசப்ஷனில் விட்டுவிட்டு மாடி ஏறாதீர்கள். "ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தர்றோம்" என்றால் அங்கேயே நின்று வாங்கிக்கொண்டு போங்கள். ஷிப்ட் மாறி, சாவி மாறி, காலையில் மேஜை இழுப்பறையைத் திறக்க ஆள் இல்லாமல் தவித்த குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும். லாட்ஜ் பெயர் வேண்டாம்.

அறைக்குள் நுழைந்ததும்

பெட்டியைக் கீழே வைக்கும் முன் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். ரூம் பாய் நிற்கட்டும், பரவாயில்லை.

உள்தாழ்ப்பாளைப் போட்டு, கதவை ஒரு தடவை உள்ளிருந்து இழுத்துப் பாருங்கள். நாதங்கி ஒரே ஒரு திருகாணியில் ஆடுகிற கதவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஜன்னல் கொக்கி விழுகிறதா? குளியலறை வென்டிலேட்டர் பக்கத்துச் சுவர் மேல் ஏறினால் எட்டுகிற உயரத்திலா? தண்ணீர்க் குழாயைத் திறந்து ஒரு நிமிடம் ஓட விடுங்கள். வெந்நீர் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். சில இடங்களில் ஆறிலிருந்து எட்டு வரைதான். குளியலறைக்குள்ளேயே கேஸ் ஹீட்டர் வைத்திருந்தால், ஜன்னலும் இல்லாவிட்டால், வேறு அறை கேளுங்கள். அந்தப் புகை வாசம் தெரியாமல் ஆளை மயக்கிவிடும். கண்ணாடி, சுவர்க் கடிகாரம், கட்டிலைப் பார்த்தபடி இருக்கிற தேவையில்லாத ப்ளக், இதிலெல்லாம் ரகசியக் கேமரா இருக்கிறதா என்று விளக்கை அணைத்து போன் வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள், அது பூட்டிக் கிடந்தால் அங்கே தங்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை என்றால் தரைத்தளம் வேண்டாம். தாத்தா பாட்டியைக் கூட்டி வருகிறீர்கள் என்றால் லிஃப்ட் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள், இரண்டும் ஒன்றல்ல. முன்பெல்லாம் வயதானவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் நேர்காணல் பெரும்பாலும் தள்ளுபடியாகிவிடும். 2025 செப்டம்பரிலிருந்து 79 வயதைத் தாண்டியவர்களும் 14 வயதுக்கு உட்பட்டவர்களும்கூடப் பொதுவாக நேரில் வர வேண்டியிருக்கிறது.

கைபேசி இல்லாத காலை

இதற்காகத்தான் அறை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது.

அமெரிக்கத் தூதரகத்துக்குள் கைபேசி கூடாது. கைக்கடிகாரத்தில் ஸ்மார்ட் வகை கூடாது, பை கூடாது. அங்கே வைத்துவிட்டுப் போக இடமும் தர மாட்டார்கள். வெளியே காசு வாங்கிக்கொண்டு போனை வைத்துக்கொள்கிற ஆட்கள் உண்டு. உங்கள் வங்கி, ஓடிபி, டிக்கெட், மொத்த வாழ்க்கையும் இருக்கிற போனை முன்பின் தெரியாதவர் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுப்பது உங்கள் இஷ்டம். எனக்கு மனசு வராது. போன் அறையில் இருக்கட்டும், அல்லது கூட வந்தவரிடம் இருக்கட்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நேர்காணல் முடிந்து வெளியே வருகிறீர்கள். போன் இல்லை, எனவே ஓலா இல்லை, ஊபர் இல்லை, ஜிபே இல்லை, வீட்டுக்குச் சொல்லவும் வழியில்லை. நடந்து போகிற தூரத்தில் அறை இருந்தால் இது ஒரு பிரச்சினையே அல்ல. தாம்பரத்தில் அறை போட்டவருக்கு இது பெரிய பிரச்சினை.

முந்தைய நாள் சாயங்காலமே அறையிலிருந்து தூதரக வாசல் வரை ஒரு தடவை நடந்துவிட்டு வாருங்கள். மேம்பாலத்துக்கு அடியில் சாலையைக் கடக்கும் இடத்தைப் பழகிக்கொள்ளுங்கள், மெட்ரோ வேலையால் நேற்று இருந்த வழி இன்று தகரத் தடுப்புக்குப் பின்னால் இருக்கும். சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: லாட்ஜின் பெயர், தெரு, போன் எண் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, லாட்ஜ் விசிட்டிங் கார்டு இருந்தால் அதுவே போதும். சில்லறையாக முந்நூறு ரூபாய். மனப்பாடமாக வீட்டு ஆள் ஒருவரின் எண். இப்போது யாருக்கும் மனைவி எண்கூட மனப்பாடமாகத் தெரிவதில்லை, அதனால்தான் சொல்கிறேன். காகிதங்களை ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தின் உறுதிப் பக்கம், நேர்காணல் தேதிக் கடிதம் எல்லாம் அச்சில் இருக்க வேண்டும், போனில் காட்ட முடியாது. எனவே அறைக்குப் பக்கத்தில் ராத்திரி ஒன்பது வரை திறந்திருக்கும் ஜெராக்ஸ் கடை எது என்றும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் ஏதோ ஒரு பக்கம் அச்செடுக்க வேண்டி வரும். எல்லாக் குடும்பத்திலும் வரும்.

ரொம்ப முன்னால் போய் நிற்பதிலும் பயன் இல்லை, நடைபாதையில்தான் நிற்க வேண்டும். கூட வருகிறவர்களுக்கு உள்ளே உட்கார இடம் கிடையாது. எதிர்ப்பக்கம் செம்மொழிப் பூங்கா இருக்கிறது. வயதானவர்கள் பழைய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இடம் என்பார்கள். நிழலும் பெஞ்சும் உண்டு, ஆனால் அதிகாலையில் திறந்திருக்காது. அதனால் அப்பா அம்மாவை அறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அவர்கள் விமான நிலையத்துக்குப் பக்கம் இருக்கிற விசா விநாயகரைக் கும்பிட்டே தீருவேன் என்று அடம் பிடித்தால், அதை முந்தைய நாளிலேயே முடித்துவிடுங்கள்.

வேலை முடிந்த பிறகு

விசா கிடைத்தது என்றால் பாஸ்போர்ட்டை உள்ளேயே வைத்துக்கொள்வார்கள். அதற்காகச் சென்னையில் காத்துக் கிடக்க வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுத்த மையத்துக்கு வரும், கட்டணம் கட்டினால் வீட்டுக்கே வரும். இன்னும் காகிதம் வேண்டும் என்று 221(ஜி) சீட்டு கொடுத்தாலும் அன்றே தீர்கிற விஷயம் அல்ல. ரூமை இன்னும் மூன்று நாளைக்கு நீட்டுவதா என்று பதறாதீர்கள், ஊருக்குப் போய் அங்கிருந்து அனுப்பலாம். இதனால்தான் வாடகையை நாளுக்கு நாள் கட்டுங்கள் என்கிறேன். மொத்தமாக ஐந்து நாளைக்குக் கட்டி, இரண்டே நாளில் கிளம்பினால் மிச்சத்தைத் திரும்ப வாங்குவது விசா வாங்குவதை விடக் கஷ்டம்.

தனியாக வரும் பெண்களுக்கு

தனியாக வரும் பெண்ணுக்கு அறை இல்லை என்று சொல்கிற சின்ன லாட்ஜுகள் இந்தக் காலத்திலும் இருக்கின்றன. அவர்களோடு மல்லுக்கட்ட அன்றைக்கு நேரம் இருக்காது. ஈவெரா பெரியார் சாலையில், வேப்பேரிப் பக்கம், ஒய்டபிள்யூசிஏ விருந்தினர் இல்லம் இருக்கிறது. மரம் சூழ்ந்த வளாகம், எழும்பூருக்குக் கிட்டே. அக்கா மகளை நான் அங்கேதான் அனுப்பினேன். முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். தமிழக அரசின் தோழி விடுதிகளிலும் குறுகிய காலத்துக்கு இடம் கேட்டுப் பார்க்கலாம். தாம்பரம் விடுதி ஜெமினிக்குத் தூரம்தான், ஆனால் மின்சார ரயில் பக்கத்தில்.

ரிசப்ஷனில் அறை எண்ணை உரக்கச் சொன்னால், வேறு அறை கேளுங்கள். கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். படிக்கட்டுக்குப் பக்கத்து அறை, கடைசி மூலை அறை இரண்டும் வேண்டாம், நடுவில் கேளுங்கள். அவசரம் என்றால் 112, பெண்களுக்கான உதவி எண் 181.

இலங்கையிலிருந்தும் வெளியிலிருந்தும் வருகிறவர்களுக்கு

இவர்களுக்குத்தான் சென்னை நிஜமாகவே வெளிநாடு. அமெரிக்க விசா நேர்காணல் என்றால் மேலே சொன்ன விதி இவர்களுக்கும் உண்டு, சொந்த நாட்டிலோ வசிக்கிற நாட்டிலோதான். யாழ்ப்பாணத்திலிருந்து நேரடி விமானம் வந்த பிறகு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். பேச்சு ஒன்றாக இருப்பதால் நடைமுறையும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ள ஒருவரைத் தங்க வைத்தால், லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை ஆன்லைனில் குடியேற்றத் துறைக்கு அனுப்ப வேண்டும். சி ஃபார்ம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அதற்குப் பதிவு செய்யாத சின்ன லாட்ஜுகள் 'ரூம் இல்லை' என்று சொல்லி அனுப்பிவிடும். சில இடத்தில் "ஃபார்ம் எல்லாம் வேண்டாம், தங்குங்க" என்பார்கள். அது இன்னும் மோசம், பிறகு சிக்கல் உங்களுக்குத்தான். போனிலேயே கேளுங்கள்: "வெளிநாட்டு பாஸ்போர்ட், சி ஃபார்ம் போடுவீங்களா?" கிரீம்ஸ் ரோட்டின் மூன்றாவது லாபம் இதுதான். வங்கதேசத்து நோயாளிகளுக்குத் தினமும் இதைப் போட்டுப் போட்டு அவர்களுக்குக் கை பழகியிருக்கிறது.

சொந்தக்காரர் வீட்டில் தங்கினாலும் வீட்டுக்காரர் இதைப் போட வேண்டும், பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் பிறந்த பேரப்பிள்ளை கையில் இருப்பதும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்தான் என்பதை லாட்ஜில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சந்தேகம் வந்தால் வெளிநாட்டினர் பதிவு அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில், சாஸ்திரி பவன் வளாகத்தில் இருக்கிறது.

விசாவுக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுக்கும் முன், முதல் பக்கம், இந்திய விசா, விமான நிலையத்தில் குத்திய முத்திரை, மூன்றையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் உள்ளே போன பிறகு லாட்ஜ் மாற வேண்டி வந்தால் அந்த நகல்களும், கொடுத்ததற்கான ரசீதும்தான் உங்கள் கையில் இருக்கிற சாட்சி. கூடுமானவரை லாட்ஜை மாற்றாதீர்கள்.

மார்கழிக் கச்சேரிக் காலத்தில் இவர்கள் வந்தால் முன்பே சொல்லி வையுங்கள். மியூசிக் அகாடமி ஜெமினிக்குப் பக்கம், வெளிநாட்டுத் தமிழர்கள் மொத்தப் பேரும் அந்த மாதம் அங்கேதான் இருப்பார்கள். பொங்கலையொட்டியும் அதே கதை.

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போனது. அறையைக் காலி செய்துவிட்டு ரயிலுக்கு நேரம் இருந்தால் பெட்டியை நிலையத்துக் கிளோக் ரூமில் போடலாம். டிக்கெட்டைக் காட்ட வேண்டும், பெட்டி பூட்டியிருக்க வேண்டும். பூட்டில்லாத பையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதே ஒரு சின்னப் பூட்டை எடுத்து வந்துவிடுங்கள், இரண்டு சாவியையும் ஒரே கொத்தில் போடாமல்.